கூடுதல் சம்பளத்தைத் திரும்பப் பிடித்தல்: சட்டமும் நியாயமும்



அரசு ஊழியருக்குத் தவறுதலாகக் கூடுதலாகக் கொடுத்துவிட்ட சம்பளத்தை அரசு பின்னாளில் பிடித்தம் செய்கிறதே, அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பிடித்தம் செய்யச் சொல்லும் கடிதம் எந்த மேசையில் பிறக்கிறது, எத்தனை மேசைகளைக் கடந்து ஊழியர் கைக்கு வருகிறது என்பதெல்லாம் கண்ணால் பார்த்தவை. அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கியவர்களின் முகத்தையும் பார்த்திருக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சம்பளத்தில் பிழை இருந்தால் அதைத் திருத்தும் உரிமை அரசுக்கு உண்டு. அதை நான் மறுக்கவில்லை, இந்த அவையில் யாரும் மறுக்கமாட்டார்கள். ஆனால் நாளை முதல் சரியான சம்பளம் கொடுப்பது ஒரு காரியம். இருபது ஆண்டுகளாகக் கொடுத்ததைக் கூட்டிப் பார்த்து ஒரே நாளில் கடனாக்குவது வேறொரு காரியம். இரண்டாவதைச் செய்வதற்கு முன் அரசு சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014 இலேயே சொல்லிவிட்டது. அந்தக் கேள்விகளை அலுவலகங்கள் தாமாகக் கேட்பதில்லை. வழக்குப் போட்டவருக்கு நியாயம் கிடைக்கிறது, போடாதவருக்குப் பிடித்தம்தான் கிடைக்கிறது. இது மாற வேண்டும்.

முதலில், இந்தப் பிழை எப்படி வருகிறது? ஊழியர் யாரும் தன் சம்பளத்தைத் தானே நிர்ணயம் செய்துகொள்வதில்லை. பதவி உயர்வு வரும்போதும், தேர்வுநிலை, சிறப்புநிலை வரும்போதும், ஊதியக்குழு அமலாகும்போதும் அவருடைய பணிப்பதிவேட்டை எடுத்து ஒருவர் கணக்குப் போடுகிறார். இன்னொருவர் சரிபார்க்கிறார். அலுவலகத் தலைவர் கையெழுத்திடுகிறார். அரசாணையின் ஒரு பத்தியை இரண்டு விதமாகப் படிக்க இடம் இருக்கும். ஊதிய உயர்வு தேதி ஜனவரியா ஜூலையா என்பதில் குழப்பம் இருக்கும். உயர்கல்விக்கான ஊக்க ஊதியம் எந்தப் பட்டத்துக்கு உண்டு, எதற்கு இல்லை என்று ஒரு மாவட்டம் ஒரு மாதிரி, அடுத்த மாவட்டம் வேறு மாதிரி முடிவெடுத்திருக்கும். இப்படி நுழைகிற பிழை, அடுத்த ஆண்டு ஊதிய உயர்வில் ஏறுகிறது, அதற்கடுத்த பதவி உயர்வில் ஏறுகிறது, அடுத்த ஊதியக்குழுவின் நிர்ணயத்திலும் போய் உட்கார்ந்துகொள்கிறது.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். மத்திய அரசின் ஏழாவது ஊதியக்குழு அட்டவணையில் நிலை 4 ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 27,100 ரூபாயில் இருக்க வேண்டிய ஒருவரை ஒரு படி மேலே 27,900 இல் வைத்துவிட்டார்கள். மாதம் 800 ரூபாய். அகவிலைப்படியைச் சராசரியாக 30 சதவீதம் என்று வைத்தால் 1,040 ரூபாய். பத்து ஆண்டுகளில் அது 1,24,800 ரூபாய். ஒவ்வோர் ஊதிய உயர்விலும் வித்தியாசம் சற்றுக் கூடும் என்பதால் உண்மைத் தொகை இதைவிட அதிகமாகத்தான் இருக்கும். மாதாமாதம் ஆயிரம் ரூபாய் கூடுதலாக வந்தது அவருக்குத் தெரிந்திருக்காது. வீட்டு வாடகையிலும் பிள்ளைகளின் பள்ளிக்கட்டணத்திலும் அது கரைந்துபோயிருக்கும். ஒண்ணேகால் லட்சம் கட்டு என்று வரும் கடிதம் மட்டும் நன்றாகத் தெரியும்.

அந்தக் கடிதம் பெரும்பாலும் எப்போது வருகிறது? ஓய்வூதியக் கருத்துரு தயாராகும்போது. முப்பது ஆண்டுகளாக யாரும் புரட்டாத பக்கங்களை அப்போதுதான் புரட்டுகிறார்கள். மாநிலக் கணக்காயர் அலுவலகம் ஒரு தணிக்கைத் தடை எழுப்பினால் போதும், பணிக்கொடை நின்றுவிடும். ஓர் ஓட்டுநரின் கோப்பை நான் பார்த்திருக்கிறேன். பணிப்பதிவேட்டில் ஒவ்வோர் ஆண்டும் சம்பளம் சரிபார்க்கப்பட்டது என்ற முத்திரை, அதன் கீழே ஓர் அலுவலரின் சுருக்கொப்பம். பக்கத்துக்குப் பக்கம் அதே முத்திரை. கடைசிப் பக்கத்தில் மட்டும் சிவப்பு மையில், முதல் நிர்ணயமே தவறு என்று ஒரு குறிப்பு. அத்தனை சுருக்கொப்பங்களையும் நம்பி வண்டி ஓட்டிக்கொண்டிருந்த மனிதரிடம்தான் தொகை கேட்கப்பட்டது. சுருக்கொப்பமிட்ட எவரிடமும் ஒரு விளக்கம்கூடக் கேட்கப்படவில்லை.

இத்தனைக்கும் மத்திய அரசின் 1972 ஆம் ஆண்டு ஓய்வூதிய விதிகளில் ஒரு நல்ல வரம்பு இருந்தது. கடைசி பத்து மாதச் சம்பளம் சரிதானா என்று பார்ப்பதற்காக, ஓய்வுக்கு முந்தைய 24 மாதங்களின் சம்பளத்தை மட்டும் சரிபார்க்கலாம், அதற்கு முந்தைய காலத்துக்குப் போகக்கூடாது என்பதே அது. ஓய்வு பெறும் தறுவாயில் ஒருவரின் வாழ்நாள் கணக்கையெல்லாம் கிளறக்கூடாது என்ற எண்ணத்தோடு எழுதிய விதி அது. விதியை எழுதியவர்களுக்கு இருந்த அந்த எண்ணம், கோப்பைப் புரட்டுகிறவர்களிடம் வந்து சேரவில்லை.

இனி நீதிமன்றங்கள் சொன்னதைப் பார்ப்போம். 1994 இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு ரயில்வே கார்டின் வழக்கு வந்தது. 1970 டிசம்பரில் பதவி உயர்வு பெற்றபோது அவருடைய அடிப்படைச் சம்பளம் 190 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். 1991 இல், அதாவது இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, அது 181 ரூபாயாக இருந்திருக்க வேண்டும் என்று ஓர் ஆணை போட்டு, 1970 இலிருந்தே குறைத்தார்கள். மாதம் ஒன்பது ரூபாய் வித்தியாசம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நோட்டீஸ் கொடுக்காமல், விளக்கம் கேட்காமல் ஒருவரின் சம்பளத்தைப் பின்தேதியிட்டுக் குறைப்பது இயற்கை நீதிக்கு விரோதம் என்று சொல்லி நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. அதே 1994 இல் அரியானாவைச் சேர்ந்த ஒரு நூலகர் வழக்கிலும், ஊழியர் பொய் சொல்லிப் பெறாத தொகையை, மேலதிகாரி விதியைத் தவறாகப் புரிந்துகொண்டு கொடுத்த தொகையைப் பிடிக்கக்கூடாது என்று தீர்ப்பு வந்தது.

2006 இல் ராணுவத்தில் மருத்துவர்களாக இருந்து ஓய்வு பெற்றவர்களின் வழக்கில், இந்தச் சலுகைக்கு என்ன அடிப்படை என்பதை உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. கூடுதல் பணத்தை வைத்துக்கொள்ளும் உரிமை ஊழியருக்கு இருக்கிறது என்பதால் இந்த நிவாரணம் தரப்படவில்லை. கீழ்நிலை ஊழியர் வாங்கும் சம்பளத்தைக் குடும்பத்துக்குச் செலவழித்துவிடுகிறார், அது தனக்கு உரியது என்று நம்பியே செலவழிக்கிறார், பிறகு மொத்தமாகக் கேட்டால் தாளமாட்டார் என்பதால் நீதிமன்றம் தன் விருப்புரிமையைப் பயன்படுத்துகிறது. ஆனால் கூடுதலாக வருவது தெரிந்தும் வாங்கியவருக்கும், பிழை சீக்கிரமே கண்டுபிடிக்கப்பட்டவருக்கும் இந்த நிவாரணம் கிடைக்காது. இதை நாம் நேர்மையாக ஏற்றுக்கொள்ள வேண்டும்.

2012 இல் காற்று எதிர்த்திசையில் அடித்தது. உத்தரகண்ட் ஆசிரியர்களின் வழக்கில், இது வரி செலுத்துவோரின் பணம், கொடுத்த அதிகாரிக்கும் சொந்தமில்லை, வாங்கிய ஊழியருக்கும் சொந்தமில்லை என்று சொல்லி, பன்னிரண்டு மாதத் தவணைகளில் பிடிக்க உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. இந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு மத்திய அரசின் பணியாளர் துறை 2014 பிப்ரவரி 6 அன்று, பிடித்தம்தான் பொது விதி என்று ஒரு சுற்றறிக்கை விட்டது.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு வரையறை தந்தது 2014 டிசம்பர் 18 அன்று வந்த தீர்ப்பு. பஞ்சாப் அரசு தொடுத்த, ரஃபீக் மாசி வழக்கு என்று எல்லோரும் அறிந்த வழக்கு அது. நீதிபதிகள் கேஹர், அருண் மிஸ்ரா ஆகியோர் அமர்வு ஐந்து சூழ்நிலைகளைச் சொன்னது. இந்த ஐந்திலும் பிடித்தம் கூடாது. ஒன்று, சி பிரிவு, டி பிரிவு ஊழியர்கள். இரண்டு, ஓய்வு பெற்றுவிட்டவர்கள், பிடித்தம் செய்யும் ஆணை வந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் ஓய்வு பெறப்போகிறவர்கள். மூன்று, ஆணைக்கு முன்பே ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கூடுதல் தொகை கொடுத்துவந்த நேர்வுகள். நான்கு, கீழ்ப்பதவியில் இருக்க வேண்டியவரைத் தவறுதலாக மேல்பதவியின் வேலையைப் பார்க்க வைத்து, அதற்கான சம்பளத்தைக் கொடுத்த நேர்வுகள். ஐந்து, பிடிப்பதற்கு அரசுக்கு உள்ள உரிமையைக் காட்டிலும், பிடிப்பதால் ஊழியருக்கு நேரும் கொடுமை மிகப் பெரிதாக இருக்கும் என்று நீதிமன்றம் கருதும் பிற நேர்வுகள்.

நான்காவது சூழ்நிலையைக் கொஞ்சம் நின்று பாருங்கள். வேலையை வாங்கிக்கொண்டு கூலியைத் திரும்பக் கேட்கக்கூடாது என்பதுதான் அதன் பொருள். முதலாவது வகைக்கு நீதிமன்றம் சொன்ன காரணமும் முக்கியமானது. கீழ்நிலை ஊழியரின் சம்பளம் முழுவதும் குடும்பத்தின் அன்றாடத் தேவைக்கே போய்விடுகிறது. அரசு என்ற பெரிய வேலையளிப்பவருக்குச் சிறு இழப்பாக இருப்பது அவருக்குப் பேரிடி. சமத்துவம், சமூகநீதி பற்றி அரசியல் சாசனம் சொல்வதையெல்லாம் ஒரு சம்பளப் பட்டியலுக்குள் கொண்டுவந்த தீர்ப்பு இது.

தீர்ப்பு வந்த பிறகு என்ன ஆயிற்று? பணியாளர் துறை 2016 மார்ச் 2 அன்று இந்த ஐந்தையும் எடுத்தெழுதி ஒரு சுற்றறிக்கை விட்டது. நல்லது. ஆனால் அதன் கடைசியில், பிடித்தத்தைத் தள்ளுபடி செய்ய வேண்டுமானால் நிதியமைச்சகத்தின் செலவினத் துறையின் வெளிப்படையான ஒப்புதல் வேண்டும் என்று ஒரு நிபந்தனை. ஓர் அலுவலரின் இடத்தில் இருந்து யோசியுங்கள். பிடிப்பதற்கு அவருடைய கையெழுத்து ஒன்று போதும். விடுவதற்கு டெல்லி வரை கோப்பு போக வேண்டும், வழியெல்லாம் கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும், நாளை தணிக்கையில் ஏன் விட்டாய் என்று கேட்பார்களோ என்ற பயம் வேறு. அவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? அவரைத் தனிப்பட்ட முறையில் குறை சொல்லிப் பயனில்லை. நியாயமானதைச் செய்யும் பாதையைக் கடினமாகவும், அநியாயமானதைச் செய்யும் பாதையை எளிதாகவும் அமைத்து வைத்திருக்கிறோம்.

விளைவைக் கேளுங்கள். 1999 மார்ச்சில் ஓய்வு பெற்ற கேரளத் தலைமையாசிரியர் ஒருவரின் வழக்கு. ஊதிய உயர்வுகளைக் கொடுத்ததில் பிழை என்று கணக்காயர் சொன்னதால் பணிக்கொடையில் கைவைக்கப் பார்த்தார்கள். உயர் நீதிமன்றத்தில் அவருக்கு நிவாரணம் கிடைக்கவில்லை. விதியைத் தவறாகப் புரிந்துகொண்டது அரசு, அவர் மீது எந்தத் தவறும் இல்லை, பிடிக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2022 மே மாதத்தில். இருபத்து மூன்று ஆண்டுகள்! 2025 ஏப்ரலில், ஒடிசாவின் கட்டக் மாவட்ட நீதித்துறையில் சுருக்கெழுத்தர்களாக இருந்து ஓய்வு பெற்றவர்களுக்கும் இதே நிவாரணம் உச்ச நீதிமன்றத்தில்தான் கிடைத்தது. 2014 இல் முடிவான சட்டத்தைப் பதினோரு ஆண்டுகள் கழித்தும் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. வழக்கறிஞர் கட்டணம் கொடுக்க முடியாமல் தொகையைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்பது எந்தத் தீர்ப்பிலும் வராது.

இன்னொரு சிக்கல், உறுதிமொழிக் கடிதம். ஊதியக்குழு அமலாகும்போதெல்லாம், கூடுதலாக ஏதும் பெற்றிருந்தால் திருப்பித் தருகிறேன் என்று ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள். 2016 இல் பஞ்சாப் அரியானாவைச் சேர்ந்த ஒரு நீதித்துறை அலுவலர் வழக்கில், இப்படி எழுதிக் கொடுத்தவர் அதற்குக் கட்டுப்பட்டவர் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இரண்டு ஆண்டுத் தவணையில் பிடிக்க அனுமதித்தது. சட்டம் படித்த, நீதி வழங்கும் பொறுப்பில் இருந்த ஓர் அதிகாரிக்கு அது பொருந்தலாம். அதே தீர்ப்பைக் காட்டி, படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கக்கூட நேரம் தராமல் கையெழுத்து வாங்கப்பட்ட அலுவலக உதவியாளரிடமும் பிடிக்கிறார்கள். கையெழுத்துப் போடாவிட்டால் புதிய சம்பளமே கிடையாது என்ற நிலையில் போட்ட கையெழுத்தை, விருப்பப்பட்டுச் செய்துகொண்ட ஒப்பந்தமாக எடுத்துக்கொள்வது எப்படி நியாயமாகும்?

நான் மிக முக்கியமாக நினைப்பது காலவரம்பு. ஊழியருக்குக் குறைவாகக் கொடுத்திருந்தால் என்ன நடக்கிறது? 1983 இல் உடல்நிலை காரணமாக ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்ட ஒருவர், தனக்குரிய ஓய்வூதியம் கேட்டு 1999 இல் நீதிமன்றம் போனார். பதினாறு ஆண்டு நிலுவையைக் கொடுக்கச் சொன்ன உயர் நீதிமன்ற ஆணையை 2008 இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பொதுவாக, மனு போட்ட நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டு நிலுவைதான் உண்டு என்று வரையறுத்தது. அரசு நமக்குத் தர வேண்டியது என்றால் மூன்று ஆண்டு. நாம் அரசுக்குத் தர வேண்டியது என்றால் முப்பது ஆண்டுக்கும் பின்னால் போய்க் கணக்குப் பார்க்கிறார்கள். தாமதமாகக் கேட்டதற்காக ஊழியர் இழக்கிறார். தாமதமாகக் கண்டுபிடித்ததற்காகவும் ஊழியரே இழக்கிறார். இருவருக்கும் ஒரே அளவுகோல் வேண்டும் என்று கேட்பது பேராசை ஆகாது.

அயல்நாட்டு அனுபவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். கனடா மத்திய அரசு 2016 இல் ஃபீனிக்ஸ் என்ற சம்பள மென்பொருளைக் கொண்டுவந்தது. சிலருக்குச் சம்பளமே வரவில்லை, சிலருக்குக் குறைவாக வந்தது, சிலருக்குக் கூடுதலாக வந்தது. கூடுதலைத் திரும்பக் கேட்டபோது வரி பிடித்தத்துக்கு முந்தைய மொத்தத் தொகையைக் கேட்டார்கள். கைக்கே வராத பணத்தையும் கட்ட வேண்டியதாயிற்று. எதிர்ப்பு எழுந்து, கையில் வாங்கிய நிகரத் தொகையை மட்டும் திருப்பினால் போதும் என்று 2019 இல் வரிச்சட்டத்தையே திருத்தினார்கள். நம் ஊரிலும் கூடுதல் சம்பளத்துக்கு வருமான வரி கட்டியிருப்பவர்கள் இருக்கிறார்கள். பிடித்தம் செய்யும் ஆணையில் மொத்தத் தொகைதான் இருக்கிறது. தமிழ்நாட்டில் இப்போது சம்பளப் பட்டியல், பணிப்பதிவேடு எல்லாம் களஞ்சியம் என்ற கணினி அமைப்புக்குள் வந்துவிட்டன. பழைய பிழையோடு ஏற்றப்பட்ட பதிவு, கணினிக்குள் போய்விட்டதாலேயே சரியாகிவிடாது.

வரி செலுத்துவோரின் பணம் வீணாகலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். வீணாகக்கூடாது. ஏமாற்றி வாங்கியவரிடம் கடைசி ரூபாய் வரை வசூலியுங்கள். போலிச் சான்றிதழ் கொடுத்தவரிடம் வசூலியுங்கள். தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தவரிடமும் வசூலியுங்கள். ஆனால் பொதுப்பணத்தைக் காக்கும் பொறுப்பு முதலில் யாருடையது? நிர்ணயம் செய்து கையெழுத்திட்டவருடையது, ஆண்டுதோறும் சரிபார்த்ததாக முத்திரை குத்தியவருடையது. பொறுப்பானவர்களைக் கண்டறிந்து நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அந்த 2014 பிப்ரவரி சுற்றறிக்கையே சொல்கிறது. அந்தப் பகுதிதான் கோப்புகளில் கண்ணில் படுவதே இல்லை.

என்ன செய்யலாம்? மத்திய அரசு ஊழியருக்கு 18 ஆண்டுப் பணி முடிந்ததும், பிறகு ஓய்வுக்கு ஐந்து ஆண்டு முன்பும் தகுதியான பணிக்காலத்தைச் சரிபார்த்துச் சான்று தர விதி இருக்கிறது. அதோடு சேர்த்துச் சம்பள நிர்ணயத்தையும் சரிபார்த்து, கணக்குத்தாளை ஊழியர் கையில் கொடுத்துவிடலாம். மாநிலங்களும் இதைப் பின்பற்றலாம். பிழை இருந்தால் அப்போதே தெரியும். ஓய்வு நாளில் பணிக்கொடை நிற்காது. அடுத்து, பிடித்தம் செய்யும் ஆணை எதுவானாலும் அதன் முதல் பக்கத்திலேயே, இந்த ஊழியர் அந்த ஐந்து சூழ்நிலைகளில் எதிலும் வரவில்லை என்பதைக் காரணத்தோடு அலுவலர் எழுத வேண்டும். அப்படி எழுத முடியாவிட்டால் ஆணை போடக்கூடாது. தள்ளுபடி செய்யும் அதிகாரத்தைத் துறைத் தலைவர் அளவிலேயே கொடுத்துவிட வேண்டும். பிடிக்க வேண்டிய நேர்வுகளிலும் நோட்டீஸ், கணக்கு விவரம், தாங்கக்கூடிய தவணை, நிகரத் தொகை, இந்த நான்கும் இருக்க வேண்டும்.

பணியில் இருக்கும் தோழர்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாதாமாதம் சம்பளச்சீட்டைப் பாருங்கள். காரணம் தெரியாமல் தொகை ஏறியிருந்தால் அன்றைக்கே எழுத்தில் கேளுங்கள், நகலைப் பத்திரப்படுத்துங்கள். பணிப்பதிவேட்டை ஆண்டுக்கொரு முறை கேட்டு வாங்கிப் பாருங்கள். நோட்டீஸ் வந்தால் பயந்து கையெழுத்துப் போட்டுவிடாமல், ஐந்து சூழ்நிலைகளில் எது உங்களுக்குப் பொருந்துகிறது என்று குறிப்பிட்டு, கெடுவுக்குள் பதில் கொடுங்கள்.

ஓய்வூதியர் சங்கப் பெரியோர்களிடம் நான் கேட்பது ஒன்றே. தனித்தனி வழக்குகளுக்கு நிதி திரட்டியது போதும். ஓய்வு பெற்றவர்களுக்கும் சி, டி பிரிவினருக்கும் எதிரான பிடித்தங்களை எந்த வழக்கும் இல்லாமல் அரசே கைவிட வேண்டும் என்ற ஒரு பொது ஆணையை இந்த ஆண்டுக் கோரிக்கைப் பட்டியலில் முதல் இடத்தில் வையுங்கள். நாம் சலுகை கேட்கவில்லை. உச்ச நீதிமன்றம் சொல்லி முடித்ததை, நீதிமன்றத்துக்குப் போகாதவருக்கும் நிறைவேற்றச் சொல்கிறோம்.